சாஆவிலிருந்து மூவாருக்கு: மூன்று முறை நின்ற லாரி

விஜயதசமியன்று காலை ஆறே முக்கால் மணிக்கு, சாஆவுக்கு இரண்டு மைல் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து மூவாருக்குக் கிளம்பினேன். வருஷம் 1928. மலாயாவில் ஜொகூர் ராஜ்யத்துக்கு வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அந்தத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்க்கிறார் என் தங்கை கமலத்தின் புருஷன். நவராத்திரி முழுவதும் அவர்கள் வீட்டில் இருந்து, சுண்டல் தின்றே ஒரு சுற்றுப் பருத்திருந்தேன். அன்று மாலை ஆறு மணிக்கு மூவாரிலிருந்து சிங்கப்பூருக்கு நீராவிக் கப்பல். டெக் டிக்கட் ஒன்றரை வெள்ளி; வெள்ளி என்பது இங்கே டாலர். தோட்டத்திலிருந்து மூவார் ஐம்பத்தெட்டு மைல். சரக்கு லாரியில் நாலு மணி நேரம் என்றார்கள். ஆகவே மத்தியானச் சாப்பாடு மூவாரில்தான் என்று முடிவு செய்து, கமலம் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைய தவறுகளில் அது மிகச் சிறியது.

லாரி ஒன்றரை டன் பாரம் ஏற்றுவது. பச்சை வர்ணம். பின்னால் இருபத்துநாலு கட்டு ரப்பர் ஷீட். முன்னால் டிரைவர் வீராசாமியும் நானும். வீராசாமிக்கு வயது முப்பத்தைந்து இருக்கும், ஒல்லி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். லாரியின் சொந்தக்காரர் மூவாரில் மளிகைக் கடையும் கிடங்கும் வைத்திருக்கும் ராவுத்தர். அவர் எங்கள் ஊர்ப் பக்கம்தான். நான் மூவாரில் வந்து இறங்கிய அன்றே அவர் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார்.

"போன மாசம் மூணு தடவ வழியில நின்னுடுச்சு. கேட்டா வேக்குவம் கெட்டுப்போச்சுங்கிறான். எனக்கு இதெல்லாம் புரியாது. நீங்க எஞ்சின் தெரிஞ்சவரு. திரும்பி வரும்போது பக்கத்துல ஒக்காந்து பாருங்க. இந்தத் தடவயும் நின்னுச்சுன்னா சிங்கப்பூர்லேர்ந்து வேற டிரைவர் வரச் சொல்லிடுவேன்" என்றார்.

எஞ்சின் தெரிந்தவன் என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. கும்பகோணத்தில் எனக்கு ஒரு ரைஸ் மில் இருக்கிறது. பதினோரு வருஷமாக ஓர் எண்ணெய் எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். இருந்தாலும், இந்தப் பொறுப்பு வீராசாமிக்கும் தெரியும் என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் குடியிருப்பதே ராவுத்தரின் கிடங்குக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில்தான். மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். வேலை போனால் வீடும் போகும் என்று மாப்பிள்ளை என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் தோட்டத்தில் ஆயுத பூஜை. தொழிலாளர்கள் பால்வெட்டும் கத்திகளையும் வாளிகளையும் அடுக்கி வைத்துக் கும்பிட்டார்கள். வீராசாமி லாரிக்குப் பெட்ரோல் டாங்கி நிரம்பி வழியும் வரை ஊற்றி, ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தான். வந்த விருந்தாளி கையால் பொட்டு வைக்கட்டும் என்று மாப்பிள்ளை சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். எஞ்சின் மூடி, விளக்குகள், ஹார்ன், சக்கரங்கள், பெட்ரோல் வாய், பின் பலகை என்று ஓர் இடம் விடாமல் தாராளமாக வைத்தேன். மரியாதை கிடைத்தால் அதை முழுதாக வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

ஏழேகால் மணி. சாஆவின் கடைகளைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறி, தோட்டத்திலிருந்து நாலாவது மைலில், ஒரு சின்ன ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது. வீராசாமி ஒரு நிமிஷம் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பரிதாபம் என்னிடம் வெகுநேரம் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே அந்த 'வேக்குவம்' சமாசாரத்தை விளக்க வேண்டும். லாரியின் பெட்ரோல் டாங்கி பின்னால், சரக்குத் தட்டுக்கு அடியில், எஞ்சினைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் தானாக மேலே ஏறாது. அதற்காக எஞ்சினை ஒட்டி, இரண்டு படி கொள்ளும் இரும்புக் குடுவை ஒன்றை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கிற இழுப்பில் ஒரு பங்கு அந்தக் குடுவைக்குப் போகிறது. அந்த வேகத்தில் அது நீளமான குழாய் வழியாகப் பின் டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு குடுவையிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தன் பாரத்தில் இறங்கும். போன மாதம் கெட்டது இதுதான். குழாய் இணைப்பில் காற்றுப் புகுந்து உறிஞ்சும் வேகம் குறைந்திருக்கிறது. வீராசாமி பழைய தோல் பட்டையில் வளையம் வெட்டிப் போட்டுச் சரிசெய்திருந்தான். அந்த ரிப்பேர் நிற்கிறதா என்பதற்கு இன்றுதான் பரீட்சை.

குடுவைக்கு அடியில் இருந்த குழாயைத் திறந்தான். இரண்டு சொட்டு விழுந்தது. குடுவை காலி. அவன் அந்தத் தோல் வளையத்தைத் தடவிப் பார்த்தான். நான் கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னேன். அதில் ஒன்றும் இராது என்றான். நான் மில்லைப் பற்றிச் சொன்னேன். கழற்றினான். அதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் பின்னால் போய் டாங்கி மூடியைத் திருகித் திறந்து, குச்சி விட்டு அளவு பார்த்தான். முக்கால் அடிக் குச்சியில் ஒரு விரல்தான் குறைந்திருந்தது. மூடியைத் திருகும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. வெயில் ஏறுகிறது, பெட்ரோல் ஆவியாகி வெளியே வருகிறது என்று நான் விளக்கினேன். மூடியைப் போட்டுவிட்டு, குடுவையின் தலையில் உள்ள திருகாணியைக் கழற்றி அரைப் படி பெட்ரோல் ஊற்றினான். நாலு சுற்றில் எஞ்சின் கிளம்பியது. மணி எட்டு ஐந்து. கார்புரேட்டரைத் துடைத்ததுதான் பலன் கொடுத்தது என்றேன் நான்.

எட்டு நாற்பது. பன்னிரண்டாவது மைல். அங்கே சாலைக்கு இருபுறமும் இளம் ரப்பர். நிழல் அவ்வளவாக இல்லை. அதே இருமல், அதே நிறுத்தம். குடுவை மறுபடியும் காலி. இரண்டு பேருமாக அந்த வேக்குவத்தையே முழுசாகப் பிரித்துவிடுவதென்று தீர்மானித்தோம். தீர்மானித்தவன் நான், பிரித்தவன் அவன்.

அவன் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். மேல்துண்டைச் சாலையோரம் விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையிலேயே அதில் வைத்தான். உள்ளேயிருந்த பித்தளை மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே பெட்ரோல் குலுங்கும். குலுங்கவில்லை. வால்வுகளை வாயில் வைத்து ஊதியும் உறிஞ்சியும் பார்த்தான். எல்லாம் சுத்தம். எல்லாவற்றையும் பூட்டிப் பெட்ரோல் ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, உறிஞ்சும் குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்தான். விரலைப் பிடித்து இழுத்தது. என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னான். கன்றுக்குட்டி இழுக்கிற மாதிரி இழுத்தது. பின்னால் போகும் குழாயின் இணைப்புகளுக்கெல்லாம் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசினான். எங்கும் காற்றுப் புகவில்லை. குறையே இல்லாத ஒரு பொருள் வேலை செய்ய மறுக்கிறது. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நான் போட்ட வளையம் நல்லாத்தான் இருக்குங்க. ஆனா என்னமோ நான்தான் தப்பா செஞ்சிருக்கேன் போல" என்றான்.

எனக்குப் பசி. புளிச்சோறு ஞாபகம் வந்து கோபமும் வந்தது. இந்தக் குடுவையே வேண்டாம், லாரியின் கூரைமேல் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் பெட்ரோலை நிரப்பி, ரப்பர்க் குழாய் வழியாக நேரே எஞ்சினுக்கு விடலாம், என் மில்லில் டாங்கி தலைக்கு மேலேதான் இருக்கிறது என்று யோசனை சொன்னேன். ரப்பர் சரக்குக்குப் பக்கத்தில் திறந்த டின்னில் பெட்ரோல் வைக்க மாட்டேன் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் பத்து வார்த்தை கேட்டால் இரண்டு வார்த்தை பேசுகிறவன் மாட்டேன் என்ற வார்த்தையை மட்டும் தெளிவாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. டாங்கியை மறுபடி திறந்து அளவு பார்த்தான். மறுபடி அந்த 'உஸ்'. பத்து நாற்பதுக்குக் கிளம்பினோம்.

பதினொன்று ஐந்துக்கு யோங் பெங். நாலு சாலை கூடுகிற ஊர். தெற்கே போனால் ஆயர் ஈத்தாம், அப்படியே ஜொகூர் பாரு; மேற்கே திரும்பினால் மூவார். சீனக் கடையில் காப்பி மூன்று காசு, ரொட்டி இரண்டு காசு. காப்பி கறுப்பு, கீழே ஒரு விரல் பால் தித்திப்பாகப் படிந்திருக்கும். கலக்காமல் குடித்தால் கசப்பில் ஆரம்பித்துப் பாயசத்தில் முடியும். தவுக்கே என்று அழைக்கப்படும் கடை முதலாளியும் வீராசாமியும் மலாயில் பேசிக்கொண்டார்கள். லாரி மறுபடி நின்றதா என்று தவுக்கே கேட்டார் போலும். அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தான். சாலையில் எல்லோருக்கும் அவன் நிலைமை தெரிந்திருந்தது.

யோங் பெங்கை விட்டதும் நான் அவனுக்கு ஒரு பாடம் நடத்தினேன். இப்போது எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். எஞ்சின்காரன் சாக்குச் சொல்லக்கூடாது என்று ஆரம்பித்தேன். என் மில்லில் கோவிந்தன் என்று ஒருவன் ஏழு வருஷம் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறுவை அறுப்புச் சமயம், வண்டி வண்டியாக நெல் வாசலில் காத்திருக்கிறது, எஞ்சின் அரை மணிக்கொரு தடவை நிற்கிறது. என்னடா என்று கேட்டால் டாங்கிக்கு மூச்சு முட்டுகிறது என்றான். எண்ணெய்க்கு ஏது மூச்சு? குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று தீர்மானித்து அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு நானே ஓட்டுகிறேன் என்று பெருமையோடு முடித்தேன்.

வீராசாமி எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டான். பிறகு, "அவரு என்ன சொன்னாருன்னீங்க?" என்று கேட்டான்.

திருப்பிச் சொன்னேன்.

"மூச்சு முட்டுதுன்னா?"

என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பன்னிரண்டு ஐந்து. புக்கிட் பெலாண்டோக். யோங் பெங்கிலிருந்து ஆறு மைல். இரண்டு குன்றுகளுக்கு நடுவே சாலை நெருக்கமாக ஏறுகிறது; இரண்டு பக்கமும் காடு, குரங்குகள். பாதி ஏற்றத்தில் லாரி மூன்றாவது முறை நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து, வீராசாமி சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்தான். நான் பேச வாயெடுத்தேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். அவன் என்னிடம் அப்படிச் செய்தது அது ஒரு தடவைதான்.

"ஐயா, மொதல்ல நாலு மைல்ல நின்னுச்சு. அப்புறம் எட்டு மைல். இப்ப பதினொண்ணு. டாங்கி கொறையக் கொறைய தூரம் கூடுது. ஒவ்வொரு தடவயும் நாம வேற வேற வேல பாத்தோம். ஆனா எல்லாத் தடவயும் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். டாங்கி மூடியத் தெறந்து பாத்தோம்."

தூரம் கூடியது என் வைத்தியத்தால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. என்னை நிழலில் போய் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். அவன் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. நேரே பின்னால் போனான். விரலை எச்சிலில் நனைத்து மூடியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, மூடியை மெல்ல மெல்லத் திருகினான். அந்த 'உஸ்' வந்தது. விரலை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு மூடியைத் திறந்து போட்டபடியே விட்டுவிட்டு, குடுவையில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் ஊற்றாமல், முன்னால் வந்து கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். பத்துச் சுற்று, இருபது சுற்று. முப்பதை நான் எண்ணுவதற்குள் எஞ்சின் கிளம்பியது. அவன் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அன்று முழுவதும் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மூடியை எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ செய்தான். ஒரு ஊக்கு இருக்குமா என்று கேட்டான். என் பையிலிருந்து கொடுத்தேன். பஞ்சுக் கழிவால் மூடியைத் துடைத்து மாட்டிவிட்டு, கழிவைச் சுருட்டி ஆசனத்துக்கு அடியில் சொருகினான். போகலாம் என்றான். என்னதான் கோளாறு என்று கேட்டேன். மூடியில் காற்றுப் போகிற சின்ன வழி அடைத்திருந்தது, பெட்ரோல் குறைகிற அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் வேக்குவம் எவ்வளவு இழுத்தாலும் வராது என்று சொன்னான். அந்த 'உஸ்' வெளியே வந்த ஆவி இல்லை; உள்ளே போன காற்று.

சேறு புகுந்திருக்கும் என்றேன். "இருக்கும்ங்க" என்றான். ஒரு டிரைவர் வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியதன் அவசியம் பற்றி அடுத்த இரண்டு மைல் பேசினேன். ராவுத்தரிடம் இதை மறைக்க முடியாது, மூன்று முறை நின்றது மூன்று முறைதான் என்றும் சொன்னேன். அதற்கும் ஆமாங்க என்றான்.

ஒன்றரை மணிக்குப் பாரிட் சூலோங். ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு மலாய்க் கம்பம், அதாவது கிராமம். எஞ்சினுக்குத் தண்ணீர் கேட்கப் போன இடத்தில், வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு ஹாஜி எங்களை உட்காரவைத்து ஆளுக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். விலை எவ்வளவு என்று நான் பையைத் தொட்டதும் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துத் தோப்புக்குள் போய்விட்டார். இந்தப் பதினாறு நாளில் இந்தத் தேசத்தில் நான் காசு கொடுக்க முடியாமல் தோற்ற இடங்கள் அநேகம். இரண்டு மணிக்குக் கிளம்பினோம். அங்கிருந்து முப்பது மைல். இருபுறமும் சதுப்பு, பிறகு தென்னை, பக்ரி வந்ததும் மறுபடியும் ரப்பர். எஞ்சின் ஒரு தடவை கூட இருமவில்லை. பரீட்சையில் அவன் வளையம் தேறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லும் பெருந்தன்மை அப்போது வரவில்லை.

மூவாருக்கு இரண்டு மைல் இருக்கும்போது, ராவுத்தர் முன்னால் அழுக்குக் கையோடு போய் நிற்க வேண்டாமே என்று ஆசனத்துக்கு அடியில் கையை விட்டு அந்தப் பஞ்சுக் கழிவை இழுத்தேன். கையைத் துடைத்தேன். பெட்ரோல் நாற்றத்தோடு கூட வேறொரு வாசனை வந்தது. பிரித்துப் பார்த்தேன். மஞ்சளாக, காய்ந்து உடைந்த கட்டிகள். ஒன்றின் மேல் குங்குமம்.

முந்தின நாள் சாயங்காலம் கண்முன் வந்தது. பெட்ரோல் வாய்க்கு வரும்போது, இதுதான் வண்டி சாப்பிடுகிற வாய், இதற்குத்தான் பெரிதாக வைக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு நெல்லிக்காய் அளவு சந்தனத்தை எடுத்து மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தித் திருகினேன். கமலம் கூட, "போதும் அண்ணே, கொஞ்சமா வைங்க" என்றாள். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று அவளைக் கடிந்துகொண்டேன். வீராசாமி பக்கத்தில் கை கட்டி நின்றுகொண்டிருந்தான்.

ஆகவே அவனுக்குத் தெரியும். ஊக்கு வாங்கினபோதே தெரியும். அதற்குப் பிறகு சுத்தத்தைப் பற்றி இரண்டு மைல் என்னிடம் பாடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பஞ்சுக் கழிவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவன் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

நாலு பத்துக்கு மூவார். ஆற்றோரம் கடைகள், தச்சுப் பட்டறைகளில் அறுத்த மரத்தின் மணம், துறையில் கப்பல் புகைந்துகொண்டிருந்தது. பதினோரு மணிக்கு வரவேண்டிய லாரிக்காக ராவுத்தர் கடை வாசலிலேயே நின்றிருந்தார். கிடங்கு ஓரத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். எத்தனை தடவை நின்றது என்று ராவுத்தர் என்னைத்தான் கேட்டார். வீராசாமி எனக்கு முன்னால் பதில் சொன்னான்.

"மூணு தடவ நின்னுச்சு முதலாளி. டாங்கி மூடியில காத்து வழி அடச்சிருந்துச்சு. கெளம்புறதுக்கு முன்னால நான் பாத்திருக்கணும். என் தப்புதான்."

ராவுத்தர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆறு மணிக்கு எனக்குக் கப்பல். பிறகு இந்த ஊரை நான் பார்க்கப் போவதே இல்லை. அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீராசாமியின் மனைவி ஓர் அடி முன்னால் வந்து நின்றாள்.

"அடைத்தது நான், ராவுத்தரே" என்றேன். நெல்லிக்காய் அளவு சந்தனத்திலிருந்து ஆரம்பித்து, கார்புரேட்டர், மண்ணெண்ணெய் டின், சுத்தத்தைப் பற்றிய பாடம் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். வேக்குவத்தில் இவன் போட்ட வளையம் அசையவே இல்லை, நானே விரல் வைத்துப் பார்த்தேன் என்றும் சொன்னேன். ராவுத்தர் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"நாளைக்கு லாபிஸ் ஊருக்கு லோடு இருக்கு. விடியக்காலம் கெளம்பிடு" என்றார் வீராசாமியிடம். பிறகு என்னிடம், "வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

வீராசாமியின் மனைவி குழந்தைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தேகாலுக்கு வீராசாமி என் பெட்டியைத் துறைக்குத் தூக்கி வந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாமிக்குன்னு வச்சீங்க. அத எப்படிங்க குத்தமுன்னு சொல்றது?" என்றான். பெட்டியைக் கீழே வைத்தான். "நானா கண்டுபிடிக்கலிங்க. உங்க மில்லுல ஒருத்தரு, டாங்கிக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னாருன்னீங்களே. அவரு கண்டுபிடிச்சதுதான். அவரப் பாத்தீங்கன்னா நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க."

கப்பல் ஆற்று வாயைத் தாண்டும்போது டெக்கில் பாயை விரித்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கோவிந்தனை நான் விரட்டிய அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். மில்லின் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. அதற்கு முதல் நாள்தான் ஆயுத பூஜை. எஞ்சினுக்குப் பொட்டு வைத்ததும் நான்தான். வருஷா வருஷம் நான்தான். அவன் குடித்திருந்தானா என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. அவனைக் கூடக் கேட்கவில்லை.

கும்பகோணம் வந்து சேர்ந்த அன்றே எஞ்சின் அறைக்குப் போனேன். நான் இல்லாதபோது பூஜைக்குப் பிறகு எஞ்சின் கொஞ்சம் மக்கர் பண்ணியது, டாங்கி மூடியைப் பாதி திருகி விட்டால் ஓடுகிறது, காரணம் தெரியவில்லை என்றார் மில் கணக்கப்பிள்ளை. போன வருஷம் நானும் அப்படித்தான் ஓட்டினேன், மட்டமான எண்ணெய் என்று வியாபாரியைத் திட்டிக்கொண்டு. மூடியைக் கழற்றினேன். நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை; அதை அடைத்துக்கொண்டு, என் வழக்கத்தைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை வைத்த இந்த வருஷச் சந்தனம். பதினோரு வருஷத்தில் அந்தத் துளையை நான் பார்த்ததே இல்லை.

கோவிந்தன் இப்போது செங்கல் சூளையில் மண் மிதிக்கிறான். சாயங்காலம் மூடியோடு அவனைத் தேடிப் போனேன். முழங்கால் வரை சேற்றோடு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். மூடியைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வாயில் வைத்து ஊதினான். போகவில்லை. ஜொகூரில் வீராசாமி என்று ஒருவன் உன்னைக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னான் என்றேன். எதற்கு என்று கேட்டான். மூன்று முறை நின்ற லாரியின் கதை முழுவதையும் சொன்னேன். சொல்லிவிட்டு, நான் செய்தது அநியாயம், நாளையிலிருந்து வேலைக்கு வா என்றேன்.

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. மூடியை என்னிடம் திருப்பித் தரவும் இல்லை.